கல்லில் வெட்டிய கூலி, கவரில் மூடிய சன்மானம்

மங்களம் பாடி முடிந்தாயிற்று. ரசிகர்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் செயலாளர் ஒரு கவரை நீட்டுகிறார். பாடகர் இரு கைகளாலும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். அங்கேயே பிரித்துப் பார்ப்பது மரியாதை ஆகாது. வீட்டுக்குப் போகிற ஆட்டோவில்தான் அன்றைய இரண்டரை மணி நேரத்தின் மதிப்பு தெரியவரும். கடம் வாசித்தவருக்கு அதுவும் அன்றே தெரியுமா என்பது பாடகரின் மனத்தைப் பொறுத்தது.

கவரின் மேல் ‘சன்மானம்’ என்று எழுதியிருக்கும். கூலி என்றோ சம்பளம் என்றோ எழுதக் கை வராது. அதே விழாவில் பந்தல்காரர், சமையல்காரர், மைக்செட்காரர் மூவரும் தொகை பேசி முன்பணம் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கியிருப்பார்கள். பாட்டுக்காரருக்கு மட்டும் “பார்த்துச் செய்கிறோம்” என்ற ஒரு வாக்கியம். கேட்டுவிட்டால், கலையை விலை பேசுகிறார் என்ற பேச்சு வரும். காசு கேட்பது நம் கலை மரபில் இல்லை என்பார்கள். அந்த மரபைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

புறப்பாடல்களில் பரிசில் கடாநிலை என்று ஒரு துறையே உண்டு. தர வேண்டிய பரிசிலை நினைவூட்டிக் கேட்பது அதன் பொருள். நிலுவையைக் கேட்பதற்கு இலக்கணத்தில் இடம் ஒதுக்கிய மொழி இது. அதியமான் பரிசில் தராமல் காலம் தாழ்த்தியபோது ஔவையார் அவன் வாயிற்காவலனிடம், கருவிகளைக் கட்டியாயிற்று, பிழைக்க வேறு ஊரா இல்லை என்று பேசுகிறார். கலைஞர்களைப் புரவலரிடம் வழிகாட்டி அனுப்பும் ஆற்றுப்படைகளைப் பாருங்கள். பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படையைத் தவிர்த்தாலும் நான்கு மிஞ்சும். பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரே வறுமையோடு வரும் இன்னொருவருக்கு, எந்த வழியில் போனால் எந்த வாசலில் சோறும் மதிப்பும் பொன்னும் கிடைக்கும் என்று சொல்வதே அவற்றின் அமைப்பு. தொழில் செய்தியைச் சக கலைஞரிடம் மறைக்காமல் பகிர்ந்துகொள்வதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்திருக்கிறோம்.

சங்கப் புலவர்களில் பெருஞ்சித்திரனார் தனி ரகம். தன்னை நேரில் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலை அவர் ஏற்கவில்லை. இளவெளிமான் கொடுத்தது தன் தகுதிக்குக் குறைவு என்று அதையும் மறுத்தார். பிறகு குமணனிடம் யானையைப் பரிசிலாகப் பெற்றுவந்து, இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டுப் போனார். குறைந்த தொகையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை, தொகையைப் போலவே பெரிது என்பதை அந்த யானை சொல்லிக்கொண்டு நிற்கிறது.

ஆயிரம் ஆண்டுகள் கழித்துத் தஞ்சையில் அந்தப் பேச்சு கல்லில் ஏறியது. ராஜராஜனின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014-ஐ ஒட்டி, பெரிய கோயிலில் வெட்டிய கல்வெட்டு கோயில் ஆடல் பெண்களான 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயரோடும் ஊரோடும் பட்டியலிடுகிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதுவரை அதில் உண்டு. ஒருவருக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்வோருக்கு இரண்டு பங்கு. திருப்பதியம் பாடவும் அதற்கு உடுக்கையும் மத்தளமும் வாசிக்கவும் 50 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்த இடம் யாருக்குச் சேரும் என்பதும் எழுதியிருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பது ஊரறிந்த செய்தி. கோயிலைச் சுற்றி வருகிற எவரும் படித்துக்கொள்ளலாம்.

இதைப் பொற்காலம் என்று கொண்டாடவும் முடியாது. அந்தப் பெண்கள் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து அரசாணையால் கொண்டுவரப்பட்டவர்கள். வர மறுத்தால் என்ன ஆகும் என்று கல் பேசவில்லை. பின்னாளில் கிராமங்களில் வேரூன்றிய முறையிலும் இதே முரண் உண்டு. வடமாவட்டங்களில் கூத்தாடிகளுக்கு ஊர்வாரியாக மிராசு இருந்தது. இன்ன ஊரில் ஆடவும் அதற்குத் தானியம் பெறவும் இன்ன குடும்பத்துக்கு உரிமை. கூலி ஓரளவு உறுதி. ஆனால் அந்த உரிமையின் மறுபக்கம் சாதிக் கடமை. சாவு வீட்டில் பறை அடிக்க மாட்டோம் என்று சொல்வதே ஒரு போராட்டமாக வேண்டியிருந்தது. மறுக்க முடியாதவர் கையில் வந்து விழும் நெல்லைக் கூலி என்று சொல்லலாமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

மிராசு தளர்ந்த இடத்தில் தாம்பூலம் வந்தது. திருவிழாவுக்கு ஆட்டம் வேண்டுமென்றால் ஊரார் வந்து தொகை பேசி, வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைப்பார்கள். தாம்பூலம் கைமாறினால் தேதி உறுதி; அதன்பின் இரு தரப்பும் பின்வாங்கக் கூடாது. காகிதமும் கையெழுத்தும் இல்லாத ஒப்பந்தம் அது, ஆனாலும் ஒப்பந்தம்தான். தெற்கே ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டும் ஆர்மோனியக்காரரும் தனித்தனியே ஏஜெண்டு மூலம் தேதி கொடுத்து, டைரியில் குறித்து, விடிய விடிய ஆடிப் பேசின பணத்தோடு ஊர் திரும்பினார்கள். தொகை பேசுவது தங்கள் கலைக்கு இழுக்கு என்று இவர்கள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் கூச்சம் எங்கிருந்து வந்தது? 1855-ல் தஞ்சை அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆதரவு இழந்த வித்வான்கள் மெல்ல மெல்லச் சென்னைக்கு நகர்ந்தார்கள். 1900-ஐ ஒட்டி சபாக்கள் தோன்றின. 1928-ல் மியூசிக் அகாடமி. அரசன் இருந்த இடத்தில் செயலாளரும் டிக்கெட்டும் வந்தார்கள். கூடவே ஒரு கதையும் வலுப்பெற்றது. சரபோஜி மன்னரின் அழைப்பை ஏற்காமல் தியாகராஜர் ‘நிதி சால சுகமா’ பாடினார் என்ற கதை. நிதி பெரிதா, இறைவன் சந்நிதி பெரிதா என்ற அந்தக் கேள்வியைத் தியாகராஜர் தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்; உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தும் காட்டினார். மறுத்தது அவர் சொந்த முடிவு. அந்தக் கேள்வியையே டிக்கெட் விற்பவர்கள் மேடை ஏறுபவரிடம் கேட்கத் தொடங்கியபோதுதான் பேச வேண்டிய தொகை பேசக்கூடாத தொகையாயிற்று.

இடையில் வானொலி ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டுவந்தது. 1938-ல் சென்னை நிலையம் தொடங்கியது. பின்னர் குரல் தேர்வும் தரவரிசையும் வந்தன. பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம். தரத்துக்கு ஏற்ற கட்டணம். தேதியும் தொகையும் அச்சிட்ட ஒப்பந்தம் தபாலில் வரும். கையெழுத்திட்டு அனுப்பினால் நிகழ்ச்சி முடிந்து காசோலை வரும். தரம் பிரித்ததில் மனக்குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் பக்கவாத்தியக்காரர் தனக்கு எவ்வளவு என்பதை வாசிக்கும் முன்பே அறிந்திருந்தார்.

இன்று மார்கழியில் சென்னையில் நூற்றுக்கணக்கான கச்சேரிகள். மேல்தட்டில் இருக்கும் சிலர் பேசியே பாடுகிறார்கள். மதிய வேளையில் மேடை ஏறும் இளையவர்களுக்குக் கிடைப்பது வழிச்செலவுக்கும் காணாது. சிலர் நன்கொடையாளரைத் தாங்களே பிடித்துக்கொண்டு வந்தால்தான் மேடை. உபபக்கவாத்தியம் வாசிப்பவருக்குக் கடைசியில் மிஞ்சுவது. திருவிழாக்களில் நையாண்டி மேளமும் கரகாட்டமும் நடத்தும் செட்டுகளுக்கு வேறு கவலை: மழை பெய்தால், காவல்துறை அனுமதி மறுத்தால், ஊர் இரண்டுபட்டால், அச்சாரத்துக்கு மேல் ஒன்றும் நிற்காது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றையும் நம்பி ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் அந்த மூன்று மாதமும் வீட்டில் உட்கார்ந்தார்கள். நிகழ்ச்சி ரத்தானால் என்ன ஈடு என்று எழுதிய காகிதம் பெரும்பாலோரிடம் இல்லை. அடுத்த ஆண்டும் ஏறக்குறைய அப்படியே கழிந்தது.

சட்டமும் நல வாரியமும் சில வேலைகளைச் செய்யலாம். ஆனால் இதில் பெரும்பகுதி பழக்கத்தால் வந்தது, பழக்கத்தால்தான் மாறும். தாம்பூலத் தட்டை விட்டுவிட வேண்டியதில்லை. வெற்றிலை பாக்கோடு ஒரு தாளும் இருக்கட்டும். மொத்தத் தொகை, அதில் பிரதானக் கலைஞருக்கு எவ்வளவு, வயலினுக்கு, மிருதங்கத்துக்கு, கடத்துக்கு எவ்வளவு, வழிச்செலவு யாருடையது, மீதி எந்த நாளில், ரத்தானால் என்ன என்று ஐந்தாறு வரிகள் போதும். பெரிய பெயர் எடுத்தவர்கள் முதலில் கேட்க வேண்டும். அவர்கள் கேட்டால் அது வழக்கமாகும். இளையவர் கேட்டால் திமிராகத்தான் தெரியும். பக்கவாத்தியத்தின் தொகை எழுதப்படாத கச்சேரியை அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மறுக்கும் வசதி உள்ளவர்கள் மறுப்பதுதான் பெருஞ்சித்திரனார் விட்டுப்போன மரபு.

அந்தத் தாள் வந்துவிட்டால், கடம் வாசிப்பவர் சாயங்காலம் வாத்தியத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பும்போது, இன்றைக்கு எவ்வளவு கொண்டுவருவார் என்பது அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.