மஞ்சள் பறவைக்குள் ஒரு மனிதர்: ‘செசமி ஸ்ட்ரீட்’ பொம்மைகள் எப்படி இயங்குகின்றன?

எட்டு அடி இரண்டு அங்குல உயரம், உடம்பெல்லாம் மஞ்சள் இறகு, ஆறு வயசுக் குழந்தையின் மனசு. இதுதான் ‘பிக் பேர்ட்’. அமெரிக்காவில் 1969 நவம்பர் 10-ல் தொடங்கி இன்றுவரை ஓடும் ‘செசமி ஸ்ட்ரீட்’ குழந்தைகள் தொடரின் நாயகன். இதன் இந்திய வடிவமான ‘கலி கலி சிம் சிம்’ 2006-ல் வந்தது. அமெரிக்காவில் இப்போது தாத்தா பார்த்த பறவையைப் பேரனும் பார்க்கிறான்.

பறவைக்கு வயசு ஏறவில்லை. உள்ளே இருந்தவருக்கு ஏறியது. அவர் பெயர் கரோல் ஸ்பின்னி. 1969-ல் பறவைக்குள் நுழைந்தவர், 2018-ல்தான் விடைபெற்றார்.

உள்ளே என்ன நடக்கிறது?

பறவையின் தலைக்குள் இருப்பது கலைஞரின் வலது கை. காட்சி முடியும்வரை அதைத் தலைக்கு மேலே தூக்கியே பிடிக்க வேண்டும். விரல்கள் அலகைத் திறந்து மூடும். சுண்டுவிரல் ஒரு நெம்புகோலை அசைத்துக் கண் இமைகளை இயக்கும். இடது கை இடது சிறகுக்குள் இருக்கும். அப்போ வலது சிறகு? அதை ஒரு தூண்டில் நரம்பால் இடது கையோடு கட்டியிருப்பார்கள். இடது கை இறங்கினால் வலது சிறகு ஏறும்.

வெளியே பார்க்க வழி கிடையாது. நெஞ்சில் கட்டிய சின்ன டிவிதான் கண். கேமரா எடுப்பது அதில் தெரியும். வசனத் தாளையும் உள்ளேயே ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். செல்ஃபி எடுக்கும்போது போன் திரை கண்ணாடி மாதிரி காட்டும், இல்லையா? இந்த டிவி அப்படிக் காட்டாது. கேமராவைப் பார்த்து நிற்கும் கலைஞர் தன் வலப்பக்கம் நகர்ந்தால், திரையில் பறவை இடப்பக்கம் போகும். இந்தத் தலைகீழ்க் கணக்கு பழகிய பிறகுதான் நடிப்பே தொடங்கும்.

எல்மோ, குக்கி மான்ஸ்டர் போன்ற சின்னப் பொம்மைகளுக்கு வேறு முறை. கலைஞர்கள் கேமராவுக்குத் தெரியாமல் கீழே இருந்து கையை மேலே நீட்டி இயக்குகிறார்கள். குக்கி மான்ஸ்டருக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வலது கையால் வாயையும் இடது கையால் பொம்மையின் இடது கையையும் இயக்குவார். பொம்மையின் வலது கை மட்டும் இன்னொருவருடையது. அது வாரி இறைக்கும் பிஸ்கட்டும் நிஜமில்லை. மாவு, அரிசிப் பொரி, காபித் தூள் கலந்த கலவை. சாக்லேட் துண்டுகளாகத் தெரிவது பழுப்பு நிறப் பசை. நிஜ பிஸ்கட்டின் எண்ணெய் பொம்மையின் ரோமத்தைக் கெடுத்துவிடும்.

உடம்பு கொடுக்கும் விலை

‘ஸ்னஃபி’ என்ற யானை போன்ற பெரிய பொம்மைக்குள் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என இரண்டு பேர் நடப்பார்கள். முதலில் முன்பக்கம் இருந்த ஜெர்ரி நெல்சன், முதுகுவலியால் அதிலிருந்து விலகினார். பின்னாளில் அது மார்ட்டின் ராபின்சனிடம் வந்தது. ஸ்பின்னிக்கும் வயதான பிறகு உடல் சமநிலை தடுமாறியது. 2015-ல் பறவையின் உடையை விட்டு வெளியே வந்தார். குரல் மட்டும் கொடுத்தார். உள்ளே போனவர் மேட் வோகல்.

வோகல் திடீரென்று வந்தவர் இல்லை. 1990-களிலிருந்தே ஸ்பின்னிக்கு மாற்றாகத் தயாரானவர். குருவின் பக்கத்தில் இருபது வருஷம் நின்று கற்ற வித்தை அது. அதனால்தான் கை மாறியது பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெரியவே இல்லை. குக்கி மான்ஸ்டரும் இப்படித்தான் ஃபிராங்க் ஓஸிடமிருந்து டேவிட் ரட்மனுக்கு வந்தது.

குழந்தையிடம் சொன்னதும் சொல்லாததும்

இந்தத் தொடரில் கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம். தயாரிப்பாளர்கள் இரண்டையும் செய்யவில்லை. 1983 நவம்பர் 24-ல் வந்த அத்தியாயத்தில், ஹூப்பர் இறந்துவிட்டார், இனி வர மாட்டார் என்று பிக் பேர்டுக்குப் பெரியவர்கள் பொறுமையாகச் சொன்னார்கள். அந்தக் காட்சியில் பறவை வரைந்ததாக வரும் படங்களை உண்மையில் வரைந்தவர் ஸ்பின்னி.

ஆனால், பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1990-ல் 53 வயதில் இறந்தபோது, அவர் இயக்கிய ‘எர்னி’ சாகவில்லை. அது ஸ்டீவ் விட்மயரின் கைக்குப் போனது. முகம் தெரிந்த நடிகருக்கு ஒரு நியாயம், தெரியாத கலைஞருக்கு வேறு நியாயமா?

குழந்தையின் பக்கமிருந்து பார்த்தால் இது சரிதான். அதற்கு எர்னிதான் நண்பன், ஹென்சன் அல்ல. படப்பிடிப்புக்கு வரும் குழந்தைகள், கீழே ஆள் நிற்பது தெரிந்தும் பொம்மையின் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கலைக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பொம்மை அப்படியே இருப்பதால், இயக்கும் ஆள் யாராக இருந்தால் என்ன என்று நினைப்பது எளிது. பணம் குறையும்போது முதலில் கத்தி விழுவது இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத உழைப்பின் மீதுதான். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரை ரத்து செய்தது. செசமி ஸ்ட்ரீட்டை அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமந்த பிபிஎஸ் நிலையங்கள் அந்தப் பணத்தையும் நம்பியிருந்தவை. அதற்கு இரண்டு மாதம் முன்பே தொடர் நெட்ஃபிளிக்ஸுடன் ஒப்பந்தம் போட்டுவிட்டது. எனவே நிகழ்ச்சி நிற்காது. ஆனால், அடுத்த கலைஞரை இருபது வருஷம் காத்திருந்து வளர்க்கும் பொறுமைக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

இன்று ஒரு குழந்தைப் பாட்டு வீடியோவை, யாரும் கையை உயர்த்தாமலே கணினியில் நிமிஷங்களில் தயாரித்துவிடலாம். குழந்தையும் பார்க்கத்தான் செய்யும். ஆனால், எதிரே இருக்கும் குழந்தை தயங்கினால் தானும் தயங்கி, அது சிரித்தால் தலையைச் சாய்த்துச் சிரிக்க, உள்ளே ஒரு ஆள் வேண்டும். செசமி ஸ்ட்ரீட்டை இத்தனை வருஷம் நிறுத்தியிருப்பது அந்த ஆள்தான். ஸ்பின்னி 2019 டிசம்பர் 8-ல் காலமானார். பறவை அடுத்த அத்தியாயத்திலும் வந்தது. தன் வேலையை அவர் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.