65 அங்குலமும் அப்பாவின் இரண்டு வரியும்

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டு ஹால் சுவரில் பழைய பேப்பர் ஒட்டினோம். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இதே நாளிதழின் பழைய பிரதிகள்தான். செல்லோடேப் போட்டு 144 சென்டிமீட்டர் அகலம், 81 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒட்டினால் அது 65 அங்குலத் திரை. இன்னும் கொஞ்சம் தாள் சேர்த்து 166-க்கு 93 ஆக்கினால் 75 அங்குலம். டிவி வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கடையின் பெரிய கூடத்தில் வரிசையாக மாட்டியிருக்கும்போது எல்லா டிவியும் சின்னதாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஹாலை விழுங்கும்.

என் கணவருக்கு 75 வேண்டும். எனக்கு 55 போதும். சிம்பாங் அம்பாட்டில் எங்கள் தாமானில் இருப்பவை வரிசை வீடுகள். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் சுவருக்கும் இடையே ஒன்பது அடி. வீட்டில் படம் பார்க்க, திரை நம் பார்வையில் குறைந்தது 30 பாகை அகலத்தை நிரப்ப வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் 55 அங்குலத்துக்கு ஏழரை அடி, 65-க்கு ஒன்பது அடி, 75-க்குப் பத்தடிக்குச் சற்று மேல். தியேட்டர் மாதிரியே வேண்டும் என்பவர்கள் 40 பாகைக்குப் போவார்கள், அதற்கு இன்னும் நெருங்கி உட்கார வேண்டும். ஆக, கணவர் கேட்ட 75-ம் தப்பில்லை. ஆனால் அதை மாட்டினால் சாமி மேடையை நகர்த்த வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரைப் பார்த்தார், சாமி மேடையைப் பார்த்தார், கடைசியாக மருமகனைப் பார்த்தார். 65 முடிவானது.

அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குப் பழைய 32 அங்குல டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் விற்பனையாளர் ஓஎல்இடி காட்டினார். ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும் திரை. இருட்டுக் காட்சியில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் காலையில் செய்தி, மாலையில் சீரியல், நாள் முழுக்க ஒரே மூலையில் சேனலின் முத்திரை. ஒரே உருவம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அந்தத் திரையில் தழும்பு மாதிரி பதிந்துவிடும் அபாயம் உண்டு. அதோடு வாசல் கதவு முழுக்கக் கண்ணாடி, பகல் வெளிச்சம் நேராகத் திரையில் விழும். மூவாயிரத்துச் சொச்சம் ரிங்கிட்டுக்குச் சாதாரண எல்இடி வகை 4கே டிவியோடு வீடு வந்தோம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கடையில் நேர் எதிரே நின்று பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நாலைந்து அடி தள்ளிப் போய்ப் பாருங்கள். சில திரைகளில் ஓரத்திலிருந்து பார்த்தால் வண்ணம் வெளுத்துவிடும். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்கள் எல்லாருமா நடுச் சோபாவில் உட்காரப் போகிறார்கள்?

டிவி வந்த முதல் வாரம் வீடே திருவிழா. இரண்டாவது வாரம்தான் கவனித்தேன், படம் போட்டால் அப்பா பத்து நிமிடத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். கேட்டால், "கண்ணு கூசுது பாப்பா" என்றார்.

அதில் உண்மை இருந்தது. புதிய டிவிகள் கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்காகவே 'விவிட்' போன்ற ஓர் அமைப்பு வைத்திருப்பார்கள். நீலம் தூக்கலாக, வெளிச்சம் உச்சத்தில். வீட்டு ஹாலுக்கு அது ஒத்துவராது. மெனுவுக்குள் போய் 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் இரண்டு நாள் எல்லாம் மஞ்சளடித்த மாதிரி இருந்தது. மூன்றாவது நாள் கண் பழகிவிட்டது, முகங்கள் முகங்களின் நிறத்தில் தெரிந்தன.

அடுத்து, அசைவை மழமழவென்று ஆக்கும் வசதி. சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுவது. டிவி தன் இஷ்டத்துக்கு இடையிடையே புதிய படங்களை உருவாக்கிச் செருகும். விளைவு, பல கோடி செலவில் எடுத்த படம் மாலை நேரச் சீரியல் மாதிரி தெரியும். 2018 டிசம்பரில் டாம் குரூஸ், இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியோடு நின்று, வீட்டில் படம் பார்க்கும்போது இதை அணைத்துவிடுங்கள் என்று ஒரு காணொளியே வெளியிட்டார். பந்து விளையாட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு வேண்டாம்.

பிறகு கறுப்புப் பட்டை. "மேலயும் கீழயும் கறுப்பா இருக்கே, புது டிவிய மாத்திக் குடுக்கச் சொல்லு" என்று அம்மா பிடிவாதம். அது பழுதல்ல. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. இன்றைய பெரிய படங்கள் பலவும் அந்த அகலத் திரை வடிவத்தில்தான் வருகின்றன. டிவித் திரை அவ்வளவு அகலம் இல்லை. படத்தை முழுதாகக் காட்ட வேண்டுமானால் மேலும் கீழும் ஏறக்குறைய பத்துப் பத்து சென்டிமீட்டர் காலியாகத்தான் இருக்கும். 'எங்க வீட்டுப் பிள்ளை' காலத்துப் படம் என்றால் தலைகீழ்: இடமும் வலமும் கறுப்பு. பட்டையைப் போக்க ரிமோட்டில் இழுத்துவிட்டால் எம்.ஜி.ஆருக்கு இடுப்பு பெருத்துவிடும். அம்மாவுக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

ஆனால் அப்பா இன்னும் வாசலில்தான். கண் கூசவில்லை என்று அவரே சொன்ன பிறகும்.

அவர் சினிமாவை வெறுப்பவர் இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். முன்னால் இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்குப் பின்னால் போய் உட்காருவார்களாம். அங்கே எல்லாரும் இடக்கைக்காரர்கள், எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும். "ஆனா சத்தம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்பார். நம் நாட்டில் டிவி ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28-இல், வண்ணம் வந்தது 1978-இல். அவர் தோட்டத்தில் முதலில் டிவி வந்தது கிராணி வீட்டுக்கு. சன்னலுக்கு வெளியே நின்று பார்த்த கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் 65 அங்குலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்காருகிறார் என்றால்?

ஒரு சனிக்கிழமை இணையம் வேலை செய்யவில்லை. கணவர் சலித்துக்கொண்டே ஆர்டிஎம் டிவி2-க்கு மாற்றினார். ஏதோ ஒரு தமிழ்ப் படம், பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா உள்ளே வந்தார், உட்கார்ந்தார், கடைசி வரை எழவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்.

படம் முடிந்து அவர் படுக்கப் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன், இன்றைக்கு மட்டும் எப்படி உட்கார்ந்தார் என்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "அதுல கீழ மலாய்ல எழுத்து வருதுல்ல. உங்க படத்துல வரல. அவருக்குக் காது மந்தமாகி ரெண்டு வருஷம் ஆச்சு. ஊருக்கெல்லாம் ரேடியோல பேசுற, வீட்டுல ஒருத்தருக்குக் கேக்கலன்னு ஒனக்குத் தெரியல."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் வீடுகளில் தமிழ்ப் படத்துக்குக் கீழே மலாய் வரிகள் ஓடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. மற்ற இனத்தவருக்காகப் போடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, மலாயை வேலையிடத்தில் கற்றுக்கொண்ட என் அப்பா, இரண்டு வருடமாகத் தமிழ்ப் படத்தை மலாயில் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். பெரிய டிவி வந்தது, நாங்கள் ஓடிடிக்கு மாறினோம், திரையை மறைக்கிறது என்று சப்டைட்டிலை அணைத்தோம். அணைத்தது நான்தான்.

இதில் எனக்கு வெட்கம் அதிகம், ஏனென்றால் என் தொழிலே இது. வயதாகும்போது காது பொதுவாக முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. உயிரெழுத்து கேட்கும், 'ச', 'த', 'ப' போன்ற மெய்யின் கூர்மை போய்விடும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், சட்டமா பட்டமா என்பது தெரியாது. வானொலியில் நாங்கள் இதை அறிந்தே வேலை செய்கிறோம். குரலின் அடியில் இருக்கும் கனத்தைக் கொஞ்சம் வெட்டி, சொல் தெளிவாக வரும் பகுதியைச் சற்றுத் தூக்கிவிடுவோம். மெல்லிய டிவி இதற்கு நேர் எதிர். திரை பெருத்துக்கொண்டே போக, உடல் இளைத்துக்கொண்டே போகிறது. ஒலிபெருக்கிக்கு இடம் இல்லாததால் அது கீழ்நோக்கியோ பின்னோக்கியோ இருக்கும். சுவரில் மாட்டிவிட்டால் சத்தம் சுவரில் பட்டுக் குழம்பித்தான் வரும். தியேட்டருக்காகச் செய்த ஒலிப்பதிவில் வசனத்துக்கென்று திரையின் நடுவில் தனி ஒலிபெருக்கி உண்டு. வீட்டு டிவி அதையும் பின்னணி இசையையும் வெடிச் சத்தத்தையும் ஒன்றாகப் பிசைந்து இரண்டு சின்ன ஒலிபெருக்கிகளில் கொடுக்கிறது. அப்புறம் என்ன, வசனத்துக்கு 45 வைப்போம், சண்டை வந்ததும் 15-க்குக் குறைக்க ஓடுவோம். நல்ல காது உள்ளவர்களுக்கே இந்தப் பாடு.

ஆகவே என் யோசனை, முழுப் பணத்தையும் அங்குலத்தில் போடாதீர்கள். ஒரு அளவு குறைத்து வாங்கி, மிச்சத்தில் நடு ஒலிபெருக்கி உள்ள சவுண்ட்பார் ஒன்று வாங்குங்கள். பெட்டியில் '3.1' என்றோ '5.1' என்றோ இருந்தால் அந்த முதல் எண்ணில் நடுவும் அடக்கம். '2.1' என்றால் இல்லை. டிவியின் பின்னால் 'ஏஆர்சி' என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் செருகினால் ஒரே ரிமோட் போதும். அதில் 'குரல்' அல்லது 'ஸ்பீச்' என்று ஒரு பொத்தான் இருக்கும், 'நைட்' என்றும் ஒன்று இருக்கும். இரண்டாவது, கத்தலைக் குறைத்து முணுமுணுப்பைத் தூக்கும். பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்கு இது பெரிய உதவி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாலையில் இடி கேட்டதும் அம்மா பிளக்கைப் பிடுங்குவார், நாங்கள் சிரிப்போம். நம் ஊர் இடிக்கு அம்மா செய்வதுதான் சரி. பிளக்கோடு கூரைத் தட்டிலிருந்து வரும் கம்பியையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

சவுண்ட்பார் வந்தது. அப்பாவுக்கு முன்பைவிட நன்றாகக் கேட்கிறது, ஆனால் முழுதாக இல்லை. செவிச் சோதனைக்குப் பேசி, அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறோம். போவாரா என்று எனக்கு இன்னும் நம்பிக்கையில்லை. "கேக்குது கேக்குது" என்பதுதான் அவர் பதில். துணிந்து கேட்டேன்: "தினமும் என் நிகழ்ச்சியக் கேக்குறேன்னு சொல்றீங்களேப்பா, நெசமா கேக்குதா?"

"ஒன் குரலு கேக்கும். என்ன பேசுறேன்னு பாதி புரியாது."

"அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான். மிச்சப் பாதி புரியுதுல்ல."

பத்து வருட அறிவிப்பாளர் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான நேயர் கருத்து.

இப்போது எங்கள் வீட்டில் எந்தப் படம் போட்டாலும் முதலில் சப்டைட்டில் மெனுவுக்குப் போகிறோம். சில படங்களுக்கு ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும், அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு மலாய் உள்ளதாகத் தேடுகிறோம். எழுத்தின் அளவைப் பெரிதாக்கவும், பின்னால் கறுப்புப் பட்டி வைக்கவும் பல தளங்களில் வழி இருக்கிறது. கணவருக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு, "மாமா பார்க்கணும்ல" என்று அவரே போட்டுவிடுகிறார்.

போன வாரம் ஒரு வடிவேலு படம். எழுத்து, வசனத்துக்கு முன்னால் முழு வரியாக வந்து நின்றுவிடுகிறது. வடிவேலு வாயைத் திறந்து பாதிச் சொல்லில் இருக்கும்போதே அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். நாங்கள் சிரிக்கும்போது அவர் அடுத்த வரியில் இருக்கிறார். என் ஆறு வயது மகன் அவர் மடியில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, தாத்தாவுக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரியுது?"

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. ரிமோட்டைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.