யார் கையில் கேமரா?

நெடுங்காடு தனித்தொகுதி. ஓட்டுக் காலம் வந்தால் கேமராவும் சேரிக்குள் வரும். கும்பிட்ட கையையும் கிழவியின் கண்ணீரையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அந்தப் படம் எங்கே அச்சானது என்று கிழவிக்குத் தெரியாது.

2004 சுனாமியில் காரைக்கால் கரையும் உயிர்களைப் பறிகொடுத்தது. அப்போது கடலூரில் மண்ணில் கவிழ்ந்து கதறிய பெண்ணை ராய்ட்டர்ஸின் அர்கோ தத்தா எடுத்த படம் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது பெற்றது. துயரத்தை உலகுக்குக் காட்டிய படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே கரையில் தலித்துகள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டார்களே, அந்தச் சாதியை எந்த விருதுப்படம் காட்டியது?

பிணத்தை ஒரு நிமிஷத்தில் எடுத்துடலாம். சாதியை எடுக்கணும்னா சேரியில் தங்கணும், ஜனங்ககிட்ட பேசணும். மீன் விற்கும் தாயின் பிள்ளை பழனிகுமார், ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர், மலக்குழியில் செத்தவர்களின் குடும்பங்களோடு நின்று ஆண்டுக்கணக்கில் எடுத்துவருகிறார்.

தோழர்களே, செல்போன் இப்போ நம்ம கையிலும் இருக்கு. வன்கொடுமை நடந்தால் எடுங்கள், அது சாட்சி. ஆனால் வெளியிடும் முன்னே அடிபட்டவரைக் கேளுங்கள். படத்தை முதலில் அவருக்கே காட்டுங்கள். வேணாம்னு சொன்னா வெளியே விடாதீங்க.