யார் தின்ற கத்தரிக்காய்?

மகளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது கன்னம் இரண்டும் சொரசொரத்தன. பிறகு வெடித்து நீர் கசிந்தது. பார்க்க வந்தவர்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு அடுத்து என்னைத்தான் பார்த்தார்கள். “நீ என்னம்மா சாப்பிட்ட?”

இந்நோய்க்குக் கரப்பான் என்று நம் மொழியில் பெயர் இருக்கிறது. கூடவே கரப்பான் பண்டம் என்றொரு பட்டியலும். கத்தரிக்காய், கருவாடு என்று அது நீளும். தமிழ் படித்தவள் என்பதால் அந்தச் சொல்லின் மீது எனக்குக் கோபமில்லை. பட்டியலின் மீதுதான் கோபம். அது எப்போதும் பால் கொடுப்பவளின் தட்டில்தான் கை வைக்கிறது. ஆறு மாதம் ரசமும் சோறும் தின்றேன். குழந்தையின் கன்னம் அப்படியே இருந்தது, நான்தான் இளைத்தேன். நடுவில் யாரோ அக்கி என்று சொல்ல, காவி குழைத்து எழுதியும் ஆயிற்று. பயத்தம் மாவு தேய்க்கச் சொன்னார்கள். வெடித்த கன்னத்தில் மாவைத் தேய்த்தால் எப்படி எரியும்? “காலேஜுக்கு ஓடுறவ புள்ள வேற எப்படி இருக்கும்?” என்று சொன்னவரும் ஒரு பெண்தான்.

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி வேறு. “குடும்பத்துல யாருக்காவது வீசிங், ஓயாத தும்மல் உண்டா?” என் கணவர் வாய் திறக்கவில்லை. அவருடைய அப்பா தலையணைக்கடியில் இன்ஹேலர் வைத்துத் தூங்கியவர். மார்கழி வந்தால் இவருக்கே விடிகாலையில் அடுக்குத் தும்மல். தோலின் அரணுக்கு ஃபிலாக்ரின் என்றொரு புரதம் வேண்டும். அதற்கான மரபணுவில் குறை உள்ளவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006லேயே கண்டறிந்துவிட்டார்கள். அந்தக் குறை அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும். திரும்பி வந்த ஆட்டோவில் யாரும் அவரிடம் “நீ என்னப்பா செஞ்ச?” என்று கேட்கவில்லை. மாமனாரைக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை நான். பச்சைக் குழந்தையின் கன்னத்துக்குக் கூண்டு எதற்கு என்கிறேன்.

அந்த மருத்துவரும் செய்ய வேண்டியதையெல்லாம் என்னிடம்தான் சொன்னார். வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல். வாசனைச் சோப்பு கூடாது. தேய்க்காமல் துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் கெட்டியான மாய்ஸ்சரைசர். எச்சில் வழியும் வாயோரத்தில் சோறூட்டும் முன் கொஞ்சம் வாசலின். அரிப்பு மூளும் நாட்களில் மட்டும் அவர் எழுதித்தந்த மென்மையான ஸ்டீராய்டு களிம்பு, அவர் சொன்ன நாள்வரை. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். இரவில் சொறியும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இதில் எந்த வேலைக்கு முலை வேண்டும்? கைதான் வேண்டும். கை அவருக்கும் இரண்டு இருக்கிறது.

நம் கறுத்த தோலில் இது மருத்துவப் புத்தகப் படங்களைப்போலச் சிவப்பாகத் தெரிவதில்லை. கருஞ்சாம்பலாகவோ அடர்ந்த பழுப்பாகவோ தெரியும். ஆறியபின் வெளிறிய திட்டு நிற்கும்; பெரும்பாலும் சில மாதங்களில் தானாக நிறம் திரும்பிவிடும். அதற்குள் “பொம்பளப் புள்ள மொகமாச்சே” என்று ஓர் உறவினர் மெடிக்கலில் சீட்டில்லாமல் ஒரு கிரீம் வாங்கி வந்தார். முகம் வெளுக்கவும் செய்யுமாம். அட்டையைப் படித்தேன். வீரியமான ஸ்டீராய்டு. பெரியவர்களுக்கே முகத்தோலை மெலியவைக்கும் சரக்கு. குப்பையில் போட்டேன். ஒன்றரை வருடம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பையனுக்கு ஏழு மாதம், கன்னமெல்லாம் வெடித்திருக்கிறது. அடுப்படியில் நின்று ரகசியக் குரலில் பேசினாள். முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் அவளுக்கு நிறுத்திவிட்டார்களாம்.

“டாக்டரா நிறுத்தச் சொன்னார்?”

“இல்ல மேம். அத்தை.”

“அவன் அப்பா என்ன சாப்பிடுறார்?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தாள். “ரெண்டு ஆம்லெட் மேம். இப்பதான் போட்டுக் குடுத்தேன்.”