பேஸ்மேக்கர்: அனுமதி தந்தால் போதுமா?

அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போகும் பெரியவர்களில் சிலருக்குக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு மேடு தெரியும். அது பேஸ்மேக்கர். 2018 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள மருத்துவச் சாதன விதிகளில் இது ஆபத்து மிகுந்த ‘டி’ வகை; உரிமம் தருவது மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய நாடுகளில் விற்பனைக்கு அனுமதி பெற்ற கருவி என்றால், இங்கே நோயாளிகளிடம் மறுபடி சோதிக்கச் சொல்வதில்லை. அதில் தவறில்லை, உயிர் காக்கும் கருவி காத்துக் கிடக்கக் கூடாது.

ஆனால், அங்கே கோளாறு தெரிந்தால்? 2017 ஆகஸ்டில், வெளியாள் ஊடுருவ வழியுண்டு என்று தெரிந்து, அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு மென்பொருள் திருத்தம் அறிவிக்கப்பட்டது. நோயாளி நேரில் போனால்தான் அதைச் செய்ய முடியும். கடுமையான பாதிப்பு நேர்ந்தால் 15 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது நம் விதி. நோயாளிக்கு யார் சொல்வது? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பொருத்தும் ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் நோயாளியின் கைபேசி எண்ணோடு பதிந்து வைத்து, எச்சரிக்கை வந்த அன்றே சென்னையிலிருந்து குறுஞ்செய்தி போக ஏற்பாடு செய்யலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை.