சதாபிஷேகமா? மூக்குக் கண்ணாடியா?

நம்மவர்களில் ஒருவருக்கு எண்பது வயதாகிவிட்டால், பிள்ளைகள் கடன் வாங்கியாவது சதாபிஷேகம் செய்கிறார்கள். புரோகிதர் குடம் குடமாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தட்சணையை முடிந்துகொண்டு போகிறார். ஆனால் அதே கிழவருக்குக் கண்ணில் புரை விழுந்தால், "வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்கிறார்கள். காது மந்தமானால் சிரிக்கிறார்கள். ஞாபகம் தவறினால் கிரக தோஷம் என்று மந்திரிக்கிறார்கள். எல்லாவற்றிற்கும் தலைவிதி என்பதே பதில்.

தலைவிதி மெய்யானால், ஹாலந்து தேசத்து ஹென்ட்ரிக்யே வான் ஆண்டல்-ஸ்கிப்பர் அம்மையாருக்கு இவர்கள் என்ன சமாதானம் சொல்லுவார்கள்? 1890-ல் குறைமாதக் குழந்தையாய்ப் பிறந்த அவர், 100-வது வயதில் மார்பில் புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். "நூறு வயதுக்கு மேல் வைத்தியம் எதற்கு?" என்று அவரை யாரும் மூலையில் போடவில்லை. 105 வயது வரை தம் வீட்டிலேயே வாழ்ந்தார். 82-வது வயதிலேயே தம் உடலை விஞ்ஞான ஆராய்ச்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 112, 113 வயதுகளில் சோதித்தபோது, அவரது அறிவு 60 முதல் 75 வயதுள்ளவர்களின் சராசரிக்கு மேலாகவே இருந்தது. 2005-ல் 115 வயதில் மாண்ட பிறகு மூளையைப் பரிசோதித்தார்கள். அல்ஷைமர் என்னும் மறதி நோயின் அடையாளம் அநேகமாய் இல்லை.

ஒருவரைக் கொண்டு எல்லோருக்கும் நியாயம் சொல்ல நாம் வரவில்லை. பிறவியில் வாய்த்த உடலமைப்புக்கும் இதில் பங்குண்டு. ஆனால் கிழத்தனம் என்றாலே புத்தி மாறாட்டம்தான் என்பது பொய் என்பதற்கு இது போதும்.

நிற்க. 2024-ல் லான்செட் வைத்தியப் பத்திரிகையின் நிபுணர் குழு, மறதி நோயை வளர்க்கும் 14 காரணங்களை எடுத்துக்காட்டியது. அவை யாவும் நீங்கினால் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பேருக்கு நோய் வராமல் தடுக்கவோ, தள்ளிப்போடவோ கூடும் என்றது. காது கேளாமை, பார்வைக் குறைவைக் கவனியாமை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை, உடலுழைப்பின்மை, தனிமை முதலியன அந்த ஜாபிதாவில் இருக்கின்றன. இவற்றில் எது பிரமன் எழுதியது என்று கேட்கின்றோம்.

அன்றியும், இளமையில் கல்வியின்மையும் அவற்றுள் ஒன்று. சூத்திரனும் பெண்ணும் படிக்கக் கூடாது என்று சாஸ்திரம் எழுதினவர்கள், பிழைப்பை மட்டுமா கெடுத்தார்கள்? கிழவயதின் புத்தியையும் அல்லவா கெடுத்தார்கள்! விதவையை மங்கள காரியத்துக்கு ஆகாதவள் என்று மூலையில் தள்ளியது, தனிமை என்னும் நோயை மதத்தின் பேரால் ஊட்டியதேயாகும்.

தோழர்களே! கிழவரை உட்கார வைத்து "ராமா கிருஷ்ணா என்று கிட" என்பது மரியாதையல்ல. உட்கார உட்காரக் கால் சதை வற்றும், பிறகு விழுவார், எலும்பு முறியும், அப்புறம் கக்கூசுக்குப் போகவும் பிறர் கை வேண்டியிருக்கும். தன் துணியைத் தானே துவைக்கட்டும், கடைக்கு நடக்கட்டும், பத்திரிகை படித்து நாலு பேரோடு வாதாடட்டும். இருட்டு நடையில் ஒரு விளக்கும், பிடித்து நடக்க ஒரு கம்பும் வையுங்கள். கண் புரைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகவே அறுவை செய்கிறார்கள்.

செத்தவருக்குப் பிண்டம் போடும் பணத்தில், உயிரோடிருக்கும்போதே ஒரு கண்ணாடியும் காதுக் கருவியும் வாங்கலாம். அடுத்த சதாபிஷேகப் பத்திரிகை உங்கள் கைக்கு வரும்போது, "பெரியவருடைய கண்ணையும் காதையும் காட்டினீர்களா?" என்று அந்த வீட்டாரைக் கூசாமல் கேளுங்கள்.