வழுக்குதா? எண்ணில் சொல்லுங்கள்!

தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு ஈரத் தரையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் அதன் மேல்தான் நடக்கிறார்கள். கால் வழுக்கினால் இடுப்பு போய்விடும்!

அதனால்தான் பாதுகாப்பு ஷூவுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரையில் ஷூவை அழுத்தி இழுப்பார்கள். எவ்வளவு பிடிப்பு என்பதை இயந்திரம் எண்ணாகச் சொல்லும். "நல்ல சோல்தான்" என்ற வாய்ப்பேச்சு அங்கே செல்லாது.

விமானத்தின் டயரும் அப்படித்தான். ஓடுபாதையில் தண்ணீர் நின்றால், வேகமாக ஓடும் டயர் தரையைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கக்கூடும். அப்போது பிரேக்கை மிதித்தும் பயனில்லை.

முன்பெல்லாம் "ஓடுபாதை ஈரம்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது உண்டு. 2021 நவம்பர் 4 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை வந்தது. ஓடுபாதையை மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை எண் கொடுக்கிறார்கள். காய்ந்திருந்தால் 6. சாதாரண ஈரம் என்றால் 5. தண்ணீர் 3 மில்லிமீட்டருக்கு மேல் நின்றால் ஒரேயடியாக 2! மூன்று மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளை அடுக்கிய கனம். அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்த்துத்தான், பாதையின் நீளம் போதுமா என்று விமானி கணக்குப் போடுகிறார்.

2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் இறங்கியது. 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறக்குறைய பாதியைக் கடந்துதான் அது தரையைத் தொட்டது. பாதை முடிந்தும் நிற்கவில்லை. பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 உயிர்கள் போயின. ஈரம் மட்டுமே காரணமல்ல. இறங்காமல் மீண்டும் மேலே ஏறியிருக்க வேண்டும் என்றது விசாரணை அறிக்கை. ஆனால் ஈரப் பாதையில் பாதியை இழந்துவிட்டால் மீதி எதற்குப் போதும்?

எண் இருந்தால் மட்டும் போதாது. மழை வலுத்தால் பத்து நிமிஷத்தில் 5 என்பது 2 ஆகிவிடும். மேலே எத்தனை விமானங்கள் வட்டமிட்டாலும், பாதையை நிறுத்தி மறுபடி பார்க்கத்தான் வேண்டும். முன்னால் இறங்கிய விமானியும், பிரேக் எப்படிப் பிடித்தது என்பதை மறைக்காமல் கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும். "வழுக்கியது" என்று சொன்னவரின் திறமையை யாரும் சந்தேகிக்கக் கூடாது. சந்தேகித்தால் அடுத்த முறை அவர் வாயைத் திறப்பாரா?

வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் இருந்த பழைய விமானத் தளத்தைச் சிறு விமானங்களுக்காகச் சீரமைத்தார்கள். அதன் ஓடுபாதை, பெரிய நகரங்களில் உள்ளதைப் போல நீளமானதல்ல. அங்கே கட்டடம் எவ்வளவு அழகு என்பது பிறகு. ஐப்பசி மழையில் கோட்டு மாட்டிக்கொண்டு பாதையில் இறங்கித் தண்ணீரை அளக்க, பயிற்சி பெற்ற ஆள் உண்டா என்பதுதான் முதல் கேள்வி.

பயணிகளுக்கும் பொறுமை வேண்டும். சென்னையில் இறங்க முடியாமல் விமானம் பெங்களூருக்குத் திரும்பினால், ஆம்பூர்க்காரருக்கு எரிச்சல் வருவது இயற்கை. சொந்த ஊர் நடுவிலே இருக்கிறது அல்லவா! இருந்தாலும் வீட்டில் காத்திருக்கிறவர்களுக்கு அவர் இரவு வந்தாலும் சரி, மறுநாள் காலை வந்தாலும் சரி, நல்லபடி வந்தால் போதும்.